ஊதாப் பாசியும் ஐந்து பற்களும்
ரீஃப் டேங்க் (உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: கண்ணாடியிலும் பம்ப்பிலும் ஊதா நிறத்தில் கெட்டியாக ஏதோ படிகிறது, தண்ணீரில் கால்சியத்தைக் குறைத்தால் நின்றுவிடுமா?

நிற்கும். கூடவே பவளத்தின் வளர்ச்சியும் நின்றுவிடும்.

படிவது கோரலைன் பாசி. செம்பாசி வகை. நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து, தன் செல்சுவரிலேயே கால்சைட் கனிமமாகச் சேர்த்துக்கொள்ளும். தொட்டால் கல்தான், உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸே இதை விலங்குகளோடு சேர்த்துவிட்டார். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 410 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பவளமும் தன் கூட்டை அதைக்கொண்டுதான் கட்டுகிறது. பாசியை மட்டும் தனியாகப் பட்டினி போட வழியில்லை.

சரி, சுரண்ட வேண்டியதுதான். கண்ணாடித் தொட்டிக்குச் சவர பிளேடு, அக்ரிலிக்குக்குப் பிளாஸ்டிக் அட்டை மட்டும். மூலையில் இருக்கும் சிலிகோன் பக்கம் பிளேடு போகக்கூடாது. பம்ப்பைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். அமிலமும் கார்பனேட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பள்ளியிலேயே பார்த்திருப்பீர்கள்.

பாறைகளில் படிந்ததைச் சுரண்டக் கடல் முள்ளெலி (sea urchin) என்ற முள்ளுருண்டை விலங்கு இருக்கிறது. அதன் வாயில் ஐந்து பற்கள். அந்தப் பற்களும் கால்சைட்தான்! கால்சைட்டைக் கால்சைட் சுரண்டினால் இரண்டும் தேய வேண்டாமா? தேய்கிறது. ஆனால் மழுங்குவதில்லை. பல்லுக்குள் மெல்லிய தகடுகளும் நார்களும் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை இறுக்கிப் பிடிக்கும் சாந்தில் மெக்னீசியம் அதிகம், அதனால் கடினமும் அதிகம். அடுக்குகளுக்கு இடையே மட்டும் மெல்லிய கரிமப் படலம். பலவீனமான இடம் அதுதான். தேயும்போது பல் கண்டபடி உடையாமல் அந்தப் படலத்தின் வழியே செதிலாக உதிர்கிறது. அடியில் புதுக் கூர்முனை தயார். மறுமுனையில் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். சாணை பிடிக்க ஆளே வேண்டாம்.

இதை எக்ஸ்ரே நுண்ணோக்கியில் பார்த்து விளக்கியது விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் பூபா கில்பர்ட் குழு. முள்ளெலிப் பல்லுக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று முகம் சுளிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. தானே கூர்மையாகிக்கொள்ளும் கருவி எந்தத் தொழிற்சாலைக்குத்தான் வேண்டாம்?

சின்ன டேங்க்குக்கு ஒரு முள்ளெலியே அதிகம். பவளத் துண்டுகளைப் பாறையோடு நன்றாக ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் போகிற வழியில் தள்ளிவிட்டுப் போகும். அப்புறம், பாசி தீர்ந்த பிறகு அதற்கும் சாப்பாடு வேண்டும். நோரி (உலர்த்திய கடற்பாசித் தாள்) துண்டு ஒன்றைப் பாறை இடுக்கில் செருகி வையுங்கள்.