ஆற்றோர நிலம் யாருடையது?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் பெஸ்தாரி ஜெயாவில் (எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஆற்றோரமாக வாழை போட்டிருக்கும் அண்ணன் ஒருவர் தேத்தண்ணிக் கடையில் கேட்டார்: “முப்பது வருசமா நான்தான் தம்பி வெட்டிச் சுத்தம் பண்றேன், இதுக்குக் கிராண்ட் எடுக்க முடியாதா?” கிராண்ட் என்றால் நிலப் பட்டா.

முடியாது. 1965 தேசிய நிலச் சட்டத்தின் 48ஆவது பிரிவு இதை நேராகவே சொல்கிறது: அரசு நிலத்தில் எத்தனை வருடம் இருந்தாலும், லைசென்ஸ் வாங்கியே இருந்தாலும், அனுபவித்ததை வைத்து உரிமை வராது. வீடு, மாட்டுக்கொட்டகை, சின்னக் கோவில், எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

அந்தக் கரையோரத் துண்டுக்கு ஆற்று ரிசர்வ் என்று பெயர். அதே சட்டத்தின் 62ஆவது பிரிவின் கீழ் மாநில அரசு அதைப் பொதுத் தேவைக்கு ஒதுக்கி, அரசிதழில் வெளியிடுகிறது. எவ்வளவு அகலம் விட வேண்டும் என்பதற்கு ஜேபிஎஸ், அதாவது வடிகால் நீர்ப்பாசன இலாகா, ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. ஆறு 40 மீட்டருக்கு மேல் அகலமென்றால் இரண்டு கரையிலும் தலா 50 மீட்டர், 20 முதல் 40 என்றால் 40 மீட்டர், 10 முதல் 20 என்றால் 20, அதற்கும் சின்னதென்றால் 10, ஐந்து மீட்டர்கூட இல்லாத ஓடைக்கு 5.

ஏன் இவ்வளவு? வெள்ளம் பரவ இடம் வேண்டும், தூர் வாரும் இயந்திரம் வந்து போகவும் வேண்டும். ஆனால் மரம்தான் பெரிய விஷயம். வேர் பிடித்த கரை சட்டென்று சரியாது, தோட்டத்தில் போட்ட உரமும் மண்ணும் நேராக ஆற்றில் இறங்காமல் புல்லும் புதரும் தடுக்கும். கொஞ்சம் கீழே கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகேறுகிறோமே, அந்தப் பூச்சி மின்னுவது பெரெம்பாங் மரத்தில், ஆனால் அதன் புழு வளர்வது கரையின் ஈர மண்ணில், நத்தையைத் தின்று. கரையை வழித்துவிட்டு மரத்தை மட்டும் விட்டுவைத்தால் பூச்சி எங்கிருந்து வரும்?

இனிச் சிக்கலான இடம். ஜேபிஎஸ் சொல்வது வழிகாட்டி மட்டுமே, அரசிதழில் வராத கரைக்கு அது தானாகச் சட்டமாகிவிடாது. பழைய தோட்டக் கிராண்டில் எல்லை தண்ணீர் வரைக்கும் போவதும் உண்டு. அப்படிப்பட்ட நிலத்தை வீடமைப்புக்கு மாற்றவோ பிரிக்கவோ மனு போடும்போதுதான் ரிசர்வை விட்டுக்கொடுக்கும்படி கேட்பார்கள். அதனால் தோட்டம் கரையை வளைத்துவிட்டது என்று கத்துவதற்கு முன் மாவட்ட நில அலுவலகத்தில் ‘சாரியான்’ (நிலப் பதிவேட்டுத் தேடல்) போட்டு, கிராண்ட் யார் பெயரில், எல்லை எதுவரை என்று பார்த்துவிடுங்கள்.

கிராண்ட் தோட்டத்துடையதாக இருந்தாலும் ஒரு பிடி இருக்கிறது. 2020 முதல் செம்பனைத் தோட்டங்களுக்கு எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்) சான்றிதழ் கட்டாயம், அதில் ஆற்றங்கரையைக் காப்பதும் ஒரு நிபந்தனை. பல தோட்டங்களில் கரையோரச் செம்பனைகளில் பெயிண்ட் அடித்திருப்பது இதற்காகத்தான், அங்கே மருந்து அடிக்கக்கூடாது. செம்பனையை ஏறக்குறைய 25 வருடத்தில் அழித்து மறுநடவு செய்வார்கள், கவனிக்க வேண்டிய நேரம் அதுதான்: கன்று மறுபடியும் கரை விளிம்பு வரை வருகிறதா?

அரசு நிலத்திலோ ரிசர்விலோ அத்துமீறினால் தேசிய நிலச் சட்டத்தின் 425ஆவது பிரிவு, 5 லட்சம் வெள்ளி வரை அபராதம் அல்லது ஐந்து வருடம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். வாழைக்கு இது அதிகம்தான், ஆனால் மண்ணைக் கொட்டிக் கரையை நிரப்புகிறவர்களுக்கும் இதே பிரிவுதான். அப்படி யாராவது கொட்டினால் தேதியோடு படம் எடுத்து, இடத்தைக் குறித்து, நில அலுவலகத்துக்கும் ஜேபிஎஸ்ஸுக்கும் புகார் போடுங்கள், புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

அண்ணனுக்கு இருக்கும் வழி டிஓஎல், தற்காலிக லைசென்ஸ். கொடுப்பதும் மறுப்பதும் நில அலுவலகத்தின் விருப்பம், கொடுத்தாலும் டிசம்பர் 31இல் முடிந்துவிடும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். இதையெல்லாம் சொன்னதும் “பார்க்கிறேன் தம்பி” என்றார். இன்னும் போகவில்லை, போன வாரம் ஒரு வாழைத்தார் மட்டும் வீட்டுக்கு வந்தது.