மூச்சு முட்டினால் வாயு என்று விடாதீர்கள்

பாம்பன் பக்கத்து மீனவர், ஐம்பதைத் தாண்டியவர். "படுத்தா மூச்சு முட்டுது டாக்டர், வாயுன்னு நினைச்சேன்" என்றார். இரண்டு வாரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கமாம். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அவர் மனைவி அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 4-ஐத் தாண்டியிருந்தது; சிறுநீரகம் பழுது. எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருந்தது. பத்து வருடச் சர்க்கரை, பிரஷர்; சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வலை இழுத்து வரும் முதுகுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரைகள் வேறு.

சிறுநீரகம் பழுது என்றதும் எல்லோரும் டயாலிசிஸுக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் பலரை அதற்கு முன்பே இதயநோய் கொண்டுபோய்விடுகிறது. உப்பும் நீரும் வெளியேறாமல் தங்கினால் பிரஷர் ஏறும். அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத் தசை தடிக்கும். ரத்தச் சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில்தான் பெரும்பாலும் சுரக்கிறது. அது குறைந்தால் ரத்தசோகை வரும், இதயத்துக்கு வேலை கூடும். பாஸ்பரஸ் தேங்கினால் ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்து குழாய் விறைத்துப்போகும். நோய் முற்றிய நிலையில் பொட்டாசியம் ஏறினால் துடிப்பே தடுமாறி நின்றுவிடலாம். இளநீரைக்கூட நான் தடுப்பது அதனால்தான்.

கருவாடுதான் எனக்குப் பெரிய போராட்டம். நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறேன். கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் ஒரே வேளையில் அதைத் தின்றுவிடும். "இந்துப்புதான் போடுறோம்" என்பார்கள். அதிலும் இருப்பது சோடியம்தான். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பது சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் ஆபத்து. அதில் பொட்டாசியம் இருக்கும்.

சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் வருடத்துக்கு ஒருமுறையாவது கிரியாட்டினினும், சிறுநீரில் போகும் புரதமான அல்புமினும் பாருங்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் சிறுநீரகம், இதயம் இரண்டையும் காக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. அப்புறம், சர்க்கரை உள்ளவருக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம். திடீர் வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.