அப்டேட் வரத் தாமதமா? திட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நெல்லை, தென்காசி வட்டாரக் கல்லூரி நூலகங்களில் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் ஓடும் சர்வர்கள் உண்டு. அடியில் டெபியன், உபுண்டு போன்ற ஏதாவது ஒரு லினக்ஸ் ஓஎஸ் இருக்கும். அல்வாக் கடைக்கும் கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனிக்கும் வெப்சைட் வேண்டுமென்றால் பெரும்பாலும் வேர்ட்பிரஸ்தான். இவை எதற்கும் லைசென்ஸ் காசு கிடையாது. இவற்றைப் பராமரிப்பவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பாதுகாப்பு ஓட்டை பற்றிய செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியதும் "இன்னும் ஏன் அப்டேட் வரல?" என்ற கோபம் அவர்கள் பக்கம்தான் திரும்புகிறது.

அப்டேட் உண்மையிலேயே வரவில்லையா என்பதை முதலில் பாருங்கள். வெர்ஷன் எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. 2014 ஏப்ரலில், இணையத் தகவலை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, திருத்தம் வந்த வெர்ஷன் 1.0.1ஜி. டெபியன் 7-ல் மட்டும் அப்டேட் போட்ட பிறகும் 1.0.1இ என்றே காட்டியது. டெபியன் புது வெர்ஷனுக்குத் தாவாது; திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய வெர்ஷனில் சேர்க்கும். பின்னால் ஒட்டியிருக்கும் 'டெப்7யு5' போன்ற வால்தான் அதன் அடையாளம். ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர் மென்பொருள் சிவப்புக் காட்டியதும் சண்டைக்குப் போகாமல், டெபியன் செக்யூரிட்டி டிராக்கர் என்ற இணையதளத்தில் அந்த ஓட்டையின் சிவிஇ எண்ணை (ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் பொது அடையாள எண்) தேடுங்கள். உங்கள் பேக்கேஜ் எந்த நிலையில் இருக்கிறது என்று அங்கே தெளிவாக இருக்கும்.

பல நேரம் திருத்தம் வெளியாகியிருக்கும், நம் சர்வரில் ஏறியிருக்காது. அப்டேட்டை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்ஸ் பட்டியலில் செக்யூரிட்டி வரியையே யாரோ நீக்கியிருப்பார்கள். பழைய கெர்னல்கள் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) குவிந்து பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கும். அப்டேட் நடுவில் கரண்ட் போய், பேக்கேஜ் பாதியில் நின்றிருக்கும். அதற்கு 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கொடுத்து முடித்துவைக்க வேண்டும். எல்லாம் சரியாக ஏறிய பிறகும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யவில்லையென்றால், பழைய ஓட்டை லைப்ரரிதான் மெமரியில் ஓடிக்கொண்டிருக்கும். 'நீட்ரீஸ்டார்ட்' கருவி இதைக் காட்டிக்கொடுக்கும். ரெட்ஹாட் நிறுவன லினக்ஸை அடியொற்றிய இலவச ஓஎஸ்ஸான சென்ட்ஓஎஸ் 7-ஐ இன்னும் ஓட்டுபவர்களுக்கு ஒரே பதில்தான்: 2024 ஜூன் 30-உடன் அதன் ஆதரவு முடிந்துவிட்டது. காத்திருக்க அங்கே ஒன்றுமில்லை, மாறியாக வேண்டும்.

மென்பொருளைத் தயாரிக்கும் இடத்திலேயே தாமதம் என்றால், வேலை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கோஹாவில் ஒருவர் பேட்ச் (திருத்தக் கோடு) எழுதிவிட்டால் அது உடனே வெளியே போகாது. வேறொருவர் ஓட்டிப் பார்த்து, சரியாக வேலை செய்கிறது என்று 'சைன்ஆஃப்' கொடுக்க வேண்டும். பிறகு தரப் பரிசோதனைக் குழு பார்க்க வேண்டும். அதன் பிறகே முதன்மைக் கோடில் சேரும். அங்கிருந்து ஒவ்வொரு பழைய வெர்ஷனுக்கும் அதன் பராமரிப்பாளர் தனித்தனியாகக் கொண்டுபோவார். நெரிசல் பெரும்பாலும் சோதித்துச் சொல்ல ஆள் இல்லாத முதல் படியில்தான். பாதுகாப்புப் பிழை என்றால் விவரம் வெளியே தெரியாமல் இதையெல்லாம் செய்ய வேண்டும், அதனால் பார்க்கும் கண்களும் குறைவு.

அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2021 டிசம்பர் சாட்சி. ஜாவா மென்பொருள்கள் பதிவு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே லைப்ரரியின் ஓட்டைக்கு 2.15.0 வந்தது, அது முழுமையாக அடைக்கவில்லை. அந்த மாதத்துக்குள்ளேயே 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அடுத்தடுத்து வந்தன. ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இஸட் என்ற கருவியின் விவகாரம் இன்னும் மோசம். 2022-ல், தனியாளாகப் பராமரித்தவரை 'வேகம் போதாது, வேறு ஆளிடம் கொடு' என்று சில கணக்குகள் நெருக்கின. அவை போலிக் கணக்குகள் என்றே இன்று பரவலாகக் கருதப்படுகிறது. பொறுப்பில் பங்கு பெற்ற புதியவர் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தார். 2024 மார்ச் 29-ல் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் அதை வெளிப்படுத்தினார். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமானது அவரை உறுத்தியிருக்கிறது. ஆக, தன்னார்வலரை நெருக்குவதே தாக்குதலுக்கு வழியாகியிருக்கிறது.

பயனர் கோபத்தில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ரெட்ஹாட் 6 வந்தது 2010 நவம்பரில். அதை அடியொற்றித் தன்னார்வலர்கள் தயாரித்த சென்ட்ஓஎஸ் 6 வந்தது 2011 ஜூலையில். ரெட்ஹாட் 5.6-க்கும் சென்ட்ஓஎஸ் 5.6-க்கும் இடையே ஏறக்குறைய மூன்று மாதம். அந்த இடைவெளியில் பாதுகாப்புத் திருத்தங்களுக்காக சர்வர் வைத்திருந்தவர்கள் காத்துக்கிடந்தார்கள். வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றாவது சொல்லுங்கள் என்று கேட்டதில் தப்பே இல்லை. தன்னார்வலரிடம் நேரத்தை உரிமையாகக் கேட்க முடியாது, நிலவரத்தைக் கேட்கலாம். 'இந்த வாரம் முடியாது' என்ற ஒரு வரி வந்தால்கூட சர்வரை மூடி வைப்பதா, திறந்து வைப்பதா என்று நிர்வாகம் முடிவெடுக்க முடியும்.

காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டியது நம் கையில் இருக்கிறது. கோஹாவின் ஊழியர் பக்கம் பெரும்பாலும் 8080 போர்ட்டில் இருக்கும். ரூட்டரில் அதை வெளி இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். வளாகத்துக்குள் மட்டும் திறந்தால் போதும். தினசரி பேக்அப் அதே மெஷினில் 'வார்/ஸ்பூல்/கோஹா'வில் கிடக்கும், அதுவும் சில நாட்களுக்கு மட்டும். வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, அதை ஒருமுறை ரீஸ்டோர் செய்தும் பாருங்கள். வேர்ட்பிரஸில் ஓட்டை உள்ள பிளகினை (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) டீஆக்டிவேட் செய்தால் போதாது. ஃபைல்கள் அங்கேயே இருக்கும், சிலவற்றை வெளியிலிருந்து நேரே அழைக்க முடியும். டெலீட் செய்யுங்கள்.

பிழையைத் தெரிவிக்கும்போது அதைப் பொதுவெளியில் போடாதீர்கள். பாதுகாப்புக்கென்று உள்ள தனி வழியில், வெர்ஷன், ஓஎஸ், எந்தப் படியில் என்ன நடந்தது என்பதோடு அனுப்புங்கள்.

தாமிரபரணிக் கால்வாயைக் குடிமராமத்தாகத் தூர்வாரிய ஊரில் தண்ணீர் பாய்ந்த வயல்காரரும் மண்வெட்டியோடு வந்தார். அந்த முறை இங்கேயும் நடக்கும். கோஹா சைன்ஆஃபுக்கு புரோகிராமராக இருக்கத் தேவையில்லை. சாண்ட்பாக்ஸ் என்ற சோதனைத் தளத்தில் பிரவுசரிலேயே பேட்சைப் போட்டு, எழுதியிருக்கும் படிகளை ஒன்றுவிடாமல் செய்து பார்த்து, சரியா தவறா என்று பதிய வேண்டும். நூலகருக்கு இது நன்றாகவே வரும். பாளையங்கோட்டையில் இரண்டு மூன்று கல்லூரிகள் சேர்ந்து 8 ஜிபி ரேம் உள்ள ஒரு பழைய டெஸ்க்டாப்பைச் சோதனைக்கென்று ஒதுக்கினால், அப்டேட்டை அசல் சர்வரில் போடும் முன் அதில் போட்டுப் பார்க்கலாம். தமிழ்த் தலைப்பைத் தேடினால் கிடைக்கிறதா, அபராத ரசீது சரியாக அச்சாகிறதா, பார்கோடு ரீடர் படிக்கிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டு, முடிவைச் சமூகத்துக்கும் எழுதி அனுப்புங்கள்.