முட்டி நிற்கும் சர்வோ

ஊட்டிக்குப் பக்கத்திலிருக்கும் கேத்தியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார்: "கோவையில் நன்றாகப் பறந்த என் ரிமோட் ஹெலிகாப்டர், இங்கே தரையைவிட்டு எழவே திணறியது. பிட்ச் அளவை (பிளேடின் கோணத்தை) கூட்டினேன், எழுந்தது. மறுநாளே ஒரு சர்வோ (அந்தக் கோணத்தை மாற்றும் குட்டி மோட்டார்) கருகிவிட்டது. கண்ணேறு என்கிறார் பாட்டி."

பாட்டி எலுமிச்சம்பழம் கட்டச் சொல்லியிருப்பார். கட்டாதீர்கள், ஐம்பது கிராம் வீண் சுமை. கோவை 400 மீட்டர் சொச்சம், ஊட்டிப் பக்கம் 2,200. காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே எடையைத் தூக்க, பிளேடின் கோணம் கூடத்தான் வேண்டும். அதுவரை அவர் செய்தது சரி.

சர்வோ ஏன் கருகியது? எனக்குப் பிடித்த இடம் இதுதான். ரிமோட்டிலிருந்து வரும் ஆணை ஒரு மின்துடிப்பு. அது 1.5 மில்லிநொடி நீடித்தால் சர்வோவின் கை (மேலே திரும்பும் சிறு நெம்பு) நடுவில் நிற்கும்; கூடினால் ஒரு பக்கம், குறைந்தால் மறுபக்கம். கை இப்போது எங்கே இருக்கிறது என்பதை உள்ளே ஒரு குட்டிப் பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பத் திருப்ப மின்தடை மாறும் உறுப்பு) சொல்லிக்கொண்டே இருக்கும். சொன்ன இடத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் வித்தியாசம் இருக்கும்வரை மோட்டாருக்கு மின்சாரம் போகும். பிட்சைக் கூட்டினால் கை இன்னும் தூரம் போக வேண்டும். வழியில் உலோகம் முட்டிக்கொண்டால்? வித்தியாசம் தீரவே தீராது. சர்வோவுக்கு முட்டியது தெரியாது, 'இன்னும் போய்ச் சேரவில்லை' என்று மட்டும்தான் தெரியும். சுழலும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, தனக்குள் பாயும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். நின்றுபோன மோட்டாரில் அந்தத் தடுப்பே இல்லை. பாய்வதெல்லாம் சூடாகிறது.

நானும் ஒன்றைக் கருக்கியிருக்கிறேன். ஸ்டிக்கை நேராக மேலே தள்ளிப் பார்த்தேன், எங்கும் முட்டவில்லை, திருப்தியாகிவிட்டேன். பிளேடுகளின் கோணத்தை மாற்றும் தட்டான ஸ்வாஷ்பிளேட்டைத் தூக்குவதும் சாய்ப்பதும் அதே மூன்று சர்வோக்கள்தான் என்பதை மறந்துவிட்டேன். முழுத் தூக்கலும் முழுச் சாய்வும் ஒன்றாக வரும்போது, ஏதாவது ஒரு சர்வோவின் தலையில் இரண்டும் கூடி விழும்.

ஆகவே ரோட்டரைச் சுழற்றும் மோட்டாரின் ஒயரைக் கழற்றிவிடுங்கள். மறந்தால் விரல் போகும். கலெக்டிவை (தட்டை முழுதாகத் தூக்கி இறக்கும் ஆணை) உச்சத்தில் வைத்துக்கொண்டு, சைக்ளிக் ஸ்டிக்கை (தட்டைச் சாய்ப்பது) ஓரமாகவே ஒரு வட்டம் சுற்றுங்கள். அப்புறம் அடிமட்டத்தில் வைத்து இன்னொரு வட்டம். காதைக் கிட்டே கொண்டுபோனால், முட்டும் இடத்தில் சர்வோ வண்டு மாதிரி முனகும். முனகல் நிற்கும்வரை அசைவின் எல்லையைக் குறையுங்கள். முனகும் சர்வோவை மட்டும் தனியாகக் குறைத்தால் ஸ்வாஷ்பிளேட் கோணலாகிவிடும். கலெக்டிவ், சைக்ளிக் மொத்த அளவுகளைத்தான் தொட வேண்டும். ரொம்பக் குறைக்க வேண்டிவந்தால், லிங்கை (கையையும் ஸ்வாஷ்பிளேட்டையும் இணைக்கும் கம்பி) சர்வோ கையின் உள்துளைக்கு மாற்றுவது மேல். அசைவு குறையும், பலமும் நுணுக்கமும் கூடும்.

இத்தனைக்கும் பிறகு பிட்ச் போதவில்லை என்றால், ரோட்டர் வேகத்தைக் கூட்டலாம். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், சுமார் 9 சதவீதம் கூட்டினாலே மலைக்காற்றின் குறை சரியாகிவிடும். பிளேடு தயாரித்தவர் குறித்திருக்கும் உச்ச வேகத்தை மட்டும் தாண்டாதீர்கள்.