செய்மதி விழும் நேரம்: வட்ஸ்அப் சொல்வதை நம்பலாமா?

2021 மே மாதம், வெள்ளவத்தையில் எங்கள் கீழ்வீட்டு அக்கா ஒரு வட்ஸ்அப் செய்தியைக் காட்டினார். சீன ரொக்கெட்டின் துண்டு இலங்கையில் விழப்போகிறதாம், நிமிடக் கணக்கோடு போட்டிருந்தது. "தம்பி, பிள்ளைகளை மொட்டைமாடிக்கு விடலாமோ?" என்றார். விடலாம் அக்கா, அந்த நேரத்தை இப்போதே யாராலும் சொல்ல முடியாது என்றேன்.

செய்மதிச் சமிக்ஞைகளைப் பிடிப்பது என் தொழில். ஒருமுறை தாழ்வாகச் சுற்றும் சின்னச் செய்மதி ஒன்றுக்காக, பத்து நாள் பழைய சுற்றுப்பாதைத் தரவை வைத்துக்கொண்டு அன்ரனாவோடு காத்திருந்தேன். அது அரை நிமிடம் முந்தியே தலைக்கு மேலால் போய்விட்டது. காற்று தடுத்தால் பிந்தத்தானே வேண்டும்? இல்லை. காற்றில் உரசிச் சக்தியை இழக்கும் செய்மதி கீழே இறங்கும். இறங்க இறங்க வேகம் கூடும், சுற்றுப்பாதையும் சிறிதாகும்; அதனால்தான் முந்தியது.

400 கிலோமீற்றர் உயரத்திலும் மிக மெல்லிய காற்று இருக்கிறது. வினாடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீற்றர் வேகத்தில் மோதும்போது அதுவே போதும். சர்வதேச விண்வெளி நிலையத்தையே அவ்வப்போது இயந்திரத்தால் மேலே தள்ளுகிறார்கள். 2019இல் அங்கிருந்து விடப்பட்ட நம் இலங்கைச் செய்மதி இராவணா-1 ஒரு கிலோ அளவுதான். தள்ள இயந்திரம் இல்லை, சில வருடங்களில் இறங்கி எரிந்துபோனது.

அப்புறம் சூரியன். அது கொந்தளிக்கும்போது மேல் வளிமண்டலம் சூடாகி ஊதிப் பெருக்கும். அதே உயரத்தில் காற்று அடர்த்தியாகிவிடும். 2022 பெப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளில் 40 வரை இப்படித்தான் அழிந்தன. அவ்வளவுக்கும் அது பெரிய சூரியப் புயல்கூட இல்லை. விழும் பொருள் உருண்டு புரண்டால் காற்று படும் பரப்பும் மாறிக்கொண்டே இருக்கும். கணிப்பில் ஒரு மணித்தியாலம் பிசகினால், விழும் இடம் 27,000 கிலோமீற்றருக்கு மேல் தள்ளிப்போகும். பூமியைப் பாதிக்கு மேல் சுற்றும் தூரம் அது!

ஆகவே "இத்தனை மணித்தியாலம் முன்பின்" என்று சொல்லாத செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்த ரொக்கெட் துண்டு ஞாயிறு காலை மாலைதீவுக்கு அருகே கடலில் விழுந்தது. என்றைக்காவது அப்படி ஏதும் கரையொதுங்கினால் தொடவேண்டாம். தாங்கிகளில் நச்சு எரிபொருள் மிஞ்சியிருக்கலாம். தள்ளி நின்று பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு அழையுங்கள்.