எந்த லினக்ஸ்? பேக்கேஜ் மேனேஜரைக் கேளுங்கள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு வாசகர் கேட்டிருந்த கேள்வி இது: “வேலைக்குப் பயன்படுத்தும் லேப்டாப், சார். நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் விண்டோஸ் 11 அதில் ஏறமாட்டேன் என்கிறது. லினக்ஸுக்கு மாறலாம் என்று பார்த்தால் உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட்களைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?”

ஒன்றுபோல இருப்பதில் வியப்பில்லை. அடியில் இருந்து வன்பொருளை இயக்கும் மையப் பகுதியான கெர்னல் எல்லாவற்றிலும் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதே லினக்ஸ்தான். மேலே தெரியும் டெஸ்க்டாப்பும் பெரும்பாலும் க்னோம், கேடிஈ என்று இரண்டு மூன்றில் ஒன்று. பிடிக்கவில்லை என்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாத விஷயம் நடுவில் இருக்கிறது: எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பை எதோடு சேர்த்து வைப்பது, அந்தச் சேர்க்கையை எத்தனை ஆண்டுகள் காப்பாற்றுவது என்ற முடிவு. ஒரு டிஸ்ட்ரோ, அதாவது உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பு, என்பதே அந்த முடிவுதான். அதை உங்கள் லேப்டாப்பில் தினமும் செயல்படுத்துவது, மென்பொருளை நிறுவவும் புதுப்பிக்கவும் நீக்கவும் செய்யும் பேக்கேஜ் மேனேஜர். கணினி அறிவியலில் எனக்கு மிகப் பிடித்த பொறிகளில் ஒன்று அது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எந்தப் பயன்பாடும் தனியாக ஓடுவதில்லை. எழுத்துரு வரைய ஒரு லைப்ரரி (பல பயன்பாடுகள் பகிர்ந்துகொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு), படம் திறக்க ஒன்று, மறையாக்கத்துக்கு ஒன்று என்று பலவற்றை நம்பியிருக்கும். அவற்றிலும் “இரண்டாம் பதிப்பு அல்லது அதற்கு மேல்”, “இதோடு அது சேராது” என்ற நிபந்தனைகள் உண்டு. டெபியனின் களஞ்சியத்தில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள், அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் பொதிகள், இருக்கின்றன. ஒவ்வொன்றையும் வைப்பதா வேண்டாமா என்று இரண்டே வாய்ப்பு என்று கொள்ளுங்கள். வெறும் 300 பேக்கேஜுக்கே சாத்தியமான சேர்க்கைகள் 2இன் 300ஆவது அடுக்கு. கண்ணுக்கு எட்டும் பிரபஞ்சத்தில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கையைவிட அது பெரியது. ஆனாலும் நீங்கள் ‘நிறுவு’ என்று சொன்ன சில நொடிகளில் சரியான சேர்க்கை ஒன்று திரையில் வந்து நிற்கிறது. எப்படி?

ஒரு சின்ன உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு ஒரு வீடியோ எடிட்டர் வேண்டும். அதற்கு ஒரு குறிப்பிட்ட லைப்ரரியின் இரண்டாம் பதிப்பு தேவை. அந்த லைப்ரரியின் ஒன்றாம் பதிப்பும் இரண்டாம் பதிப்பும் ஒரே கணினியில் சேர்ந்து இருக்க முடியாது. ஏற்கெனவே உங்களிடம் ஒரு ஸ்கேனர் கருவி இருக்கிறது. அதையும் விட முடியாது. அதில் பழைய பதிப்புக்கு அந்த லைப்ரரியின் ஒன்றாம் பதிப்பு (சுருக்கமாக ‘லைப்ரரி ஒன்று’) வேண்டும், புதிய பதிப்புக்கு இரண்டாம் பதிப்பு (‘லைப்ரரி இரண்டு’) வேண்டும்.

பல டிஸ்ட்ரோக்களின் பேக்கேஜ் மேனேஜர் இவற்றை ‘உண்டு’, ‘இல்லை’, ‘அல்லது’ மட்டுமே கொண்ட வாக்கியங்களாக மாற்றிக்கொள்கிறது. “எடிட்டர் உண்டு.” “எடிட்டர் இல்லை, அல்லது லைப்ரரி இரண்டு உண்டு.” “லைப்ரரி ஒன்று இல்லை, அல்லது லைப்ரரி இரண்டு இல்லை.” “ஸ்கேனர் பழையது உண்டு, அல்லது புதியது உண்டு.” இப்படியே மற்றவையும். இந்த வாக்கியங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் உண்மையாக வேண்டும்.

முதல் வாக்கியத்தில் ஒன்றுதான் இருக்கிறது, ஆகவே எடிட்டர் உண்டு. அது உறுதியானதும் இரண்டாம் வாக்கியத்தின் முதல் பாதி பொய்யாகிவிடுகிறது. மிச்சமிருக்கும் பாதி உண்மையாகியே தீர வேண்டும். லைப்ரரி இரண்டு உண்டு. அது உறுதியானதும் லைப்ரரி ஒன்று வெளியே போகிறது. அதை நம்பியிருந்த பழைய ஸ்கேனர் கருவியும் கூடவே போகிறது. பழையது போனால் புதியது வந்தாக வேண்டும். கவனித்தீர்களா, இதுவரை ஒரு இடத்தில்கூட ஊகம் இல்லை. சுடோகு போடுபவர்களுக்கு இந்த நகர்வு பழக்கமானது: ஒரு கட்டத்தில் ஒரே எண்தான் பொருந்தும் என்று தெரிந்து அதை நிரப்பியதும், பக்கத்துக் கட்டங்கள் தானாக முடிவாகிக்கொண்டே போகும். நிஜத்தில் பேக்கேஜ் சிக்கல்களின் பெரும்பகுதி இந்தச் சங்கிலியிலேயே அவிழ்ந்துவிடுகிறது.

ஊகம் தேவைப்படும் இடம்தான் அழகு. புதிய ஸ்கேனர் கருவிக்கு ‘க’ அல்லது ‘ச’ என்ற பேக்கேஜ்களில் ஏதாவது ஒன்று போதும் என்று வைத்துக்கொள்வோம். பொறி ‘க’வை எடுத்துப் பார்க்கிறது. ‘க’வுக்கு ‘ட’ வேண்டும், ‘த’வும் வேண்டும், ஆனால் ‘ட’வும் ‘த’வும் சேராது. முரண்பாடு. சாதாரண நிரல் என்றால் பின்வாங்கி அடுத்த வழியை முயலும், அவ்வளவுதான். இந்தப் பொறி அதற்கு முன் ஒரு வேலை செய்கிறது. முரண்பாடு எந்த வாக்கியங்களிலிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடி, மூலக் காரணத்தைக் கண்டுபிடித்து, அதையே புதிய வாக்கியமாக எழுதிச் சேர்த்துக்கொள்கிறது: “‘க’ எப்போதும் இல்லை.” இனி வேறு எந்தக் கிளையில் தேடினாலும் அந்த முட்டுச்சந்துக்குள் அது நுழையாது. ஒவ்வொரு தோல்வியும் தேடவேண்டிய பரப்பில் ஒரு பெரிய துண்டை வெட்டி எறிகிறது. ஆயிரம் கிளைகள் ஒரே வரியில் அடங்கிப்போகும். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இதில் அலுப்பு வந்ததில்லை.

இந்த உத்தியை 1996இல் ஜோவாவ் மார்க்கெஸ் சில்வாவும் கரீம் சக்கல்லாவும் க்ராஸ்ப் என்ற நிரலில் கொண்டுவந்தார்கள். மின்சுற்றுச் சோதனை போன்ற வேலைகள்தான் அவர்கள் மனதில் இருந்தவை. பிறகு 2003 வாக்கில் மினிசாட் என்ற சின்னஞ்சிறு, எளிதாகப் படிக்கக்கூடிய நிரல் வந்தது. 2008இல் ஓப்பன்சூசே என்ற டிஸ்ட்ரோ இதே அணுகுமுறையைத் தன் பேக்கேஜ் மேனேஜருக்குள் வைத்தது. அதிலிருந்து வளர்ந்த லிப்சால்வ் என்ற லைப்ரரி இன்று ஃபெடோராவிலும் ஓடுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஒரு பேக்கேஜை நிறுவ முடியுமா என்ற கேள்வி, பொதுவான வடிவில், என்பி முழுமை வகையைச் சேர்ந்த (எப்போதும் வேகமாகத் தீர்க்கும் வழி யாருக்கும் தெரியாத) கடினமான சிக்கல் என்று நிரூபித்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப்பணத்தில் நடந்த ஈடாஸ் என்ற ஆய்வுத் திட்டம். டெபியனின் பல்லாயிரம் பேக்கேஜ்களில் எவை நிறுவவே முடியாத நிலையில் இருக்கின்றன என்று சோதிக்கும் கருவிகளும் அதிலிருந்து கிடைத்தன. தர்க்க வாக்கியங்களை நிறைவேற்றும் கணிதத்தில் என்ன பயன் என்று 1971இல் அதை ஆராய்ந்த கணினி அறிவியலாளர் ஸ்டீஃபன் குக்கிடம் கேட்டிருந்தால் லேப்டாப் புதுப்பிப்பு என்ற பதில் வந்திருக்காது. உடனடிப் பயனைக் காட்டினால்தான் பணம் என்று ஆய்வாளர்களை நெருக்குபவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். அந்தப் பணம் வீண்போகவில்லை. உலகம் முழுக்கப் பல லினக்ஸ் கணினிகளில் அந்த ஆய்வு தினமும் வேலை செய்கிறது.

சரி, தேர்வுக்கு வருவோம். பொறி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், அதற்குக் கொடுக்கும் வாக்கியங்கள் ஒழுங்காக இருந்தால்தான் விடை ஒழுங்காக இருக்கும். அந்த வாக்கியங்களை எழுதிப் பராமரிப்பது டிஸ்ட்ரோவின் ஆட்கள்.

டெபியன் ஸ்டேபிள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பதிப்புகளை உறையவைக்கிறது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான். ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் வரும். மின்ட் அதன்மேல் கட்டப்பட்டது. இவற்றில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் புதிய பதிப்புக்குத் தாவமாட்டார்கள்; திருத்தத்தை மட்டும் பெயர்த்தெடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டுவார்கள். 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெடித்தபோது டெபியன் செய்தது அதைத்தான். ஃபெடோரா சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பதிப்பு தருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆதரவு ஏறக்குறைய 13 மாதம். ஆர்ச், ஓப்பன்சூசேயின் டம்பிள்வீட் போன்றவற்றில் பதிப்பு என்ற பேச்சே இல்லை, எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும்.

வேலைக் கணினிக்கு நான் உறைந்த வகையைத்தான் சொல்வேன். 2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ ஒருவர் மிகுந்த திட்டத்தோடு ஒரு பின்கதவைச் செருகியிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் உள்நுழைவு சுமார் அரை நொடி தாமதமாகிறதே என்று கிளறிப்போன ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். அதற்குள் அந்தப் பதிப்புகள் டம்பிள்வீடுக்கும் டெபியனின் சோதனைக் கிளைக்கும் போய்விட்டிருந்தன. டெபியன் ஸ்டேபிளுக்கும் உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்கும் போகவில்லை. மெதுவாக நகர்வதில் அப்படி ஒரு பாதுகாப்பு இருக்கிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: லேப்டாப் சந்தைக்கு வந்து சில மாதமே ஆகியிருந்தால் அதன் வைஃபையும் கிராஃபிக்ஸும் புதிய கெர்னலைக் கேட்கலாம். அப்போது ஃபெடோரா நல்லது. எதுவானாலும் யூஎஸ்பியிலிருந்து நேரடியாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள். வைஃபை, மைக், கேமரா, வெளித்திரை எல்லாம் சரியா? முக்கியமாக, மூடியை மூடி உறங்கவைத்துத் திறந்தால் எழுந்திருக்கிறதா? முழு வட்டு மறையாக்கத்தை நிறுவும்போதே தேர்ந்தெடுங்கள். பிறகு சேர்ப்பது பெரும் வேலை. லேப்டாப் நிறுவனத்துடையது என்றால் ஐடி பிரிவின் அனுமதியும், அவர்களின் விபிஎன் லினக்ஸில் ஓடுமா என்ற பதிலும் முதலில் வேண்டும்.

புதிய பயன்பாடு ஒன்றிரண்டு வேண்டும் என்றால் ஃப்ளாட்பேக் என்ற தனிப் பொதி வடிவில் எடுக்கலாம். தனக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தனியே கொண்டுவருவதால் நம் வாக்கியங்களோடு அது மோதாது. வட்டில் இடம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். நிக்ஸ்ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோ இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு பேக்கேஜையும் தனித்தனி முகவரியில் வைத்து லைப்ரரி ஒன்றும் இரண்டும் அருகருகே வாழ வழி செய்கிறது. அழகான வடிவமைப்பு, ஆனால் கற்றுக்கொள்ள நேரம் எடுக்கும். கண்ட கண்ட வெளிக் களஞ்சியங்களைச் சேர்ப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். டிஸ்ட்ரோவின் ஆட்கள் சோதிக்காத வாக்கியங்கள் அந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

“அப்டேட் போட்டால் கணினி கெட்டுவிடும், ஓடுவதை ஏன் தொடவேண்டும்” என்று ஒரு நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. இது மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. உறைந்த டிஸ்ட்ரோவில் வருவது பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தம். அதைத் தள்ளிப்போடுவது, ஓட்டை ஊருக்கே தெரிந்த பிறகும் அதைத் திறந்து வைத்திருப்பது.

நம்பிக்கைக்குப் பதில் ஒரு பழக்கம் போதும். பொறி கண்டுபிடித்த விடையை ‘ஆம்’ சொல்வதற்கு முன் படியுங்கள். 2021இல் பாப் ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோவில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளை நிறுவப்போன ஒரு பிரபல யூடியூபரின் டெஸ்க்டாப்பே நீங்கிப்போனது. பேக்கேஜ் பதிப்புகள் பொருந்தாத நிலையில், “ஸ்டீம் உண்டு” என்ற வாக்கியத்தை உண்மையாக்க டெஸ்க்டாப்பை நீக்குவதுதான் பொறிக்குக் கிடைத்த வழி. அதைத் திரையில் எழுதிக் காட்டி, ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்து உறுதிப்படுத்தவும் சொன்னது, அவர் செய்தார். நிறுவப்படுபவை எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். ‘நீக்கப்படுபவை’ என்ற வரிக்குக் கீழே எதிர்பாராத பெயர் ஒன்று இருந்தால்கூட ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதற்குள் யாராவது அந்த வாக்கியத்தைத் திருத்தியிருப்பார்கள்.