அடுப்பை ஊதிய நீராவி

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் ஊட்டி ரயில் கிளம்பும்போது நீராவி எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நான்கு முறை ‘சுக்’ என்னும். அப்போது வேலை செய்பவை இரண்டு சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் பிஸ்டனின் முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை நீராவி தள்ளுகிறது. தள்ளி முடித்த நீராவி புகைபோக்கி வழியாகச் சீறிப் போகும் சத்தம்தான் அது.

அதை ஏன் புகைபோக்கிக்குள் விட வேண்டும்? பக்கவாட்டில் திறந்துவிட்டால் போதாதா? போதாது. ரயில் வேகமெடுத்ததே இந்த ஏற்பாட்டால்தான்.

நெருப்புக்குக் காற்று வேண்டும். ஆலைகளில் உயரமான புகைபோக்கி கட்டினால் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். தண்டவாளத்தில் ஓடும் எஞ்சின் அப்படியொரு கோபுரத்தைச் சுமக்க முடியாது. 1804-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் எஞ்சின் வேல்ஸில் 10 டன் இரும்பையும் 70 பேரையும் இழுத்துச் சென்றது. கழிவு நீராவியைப் புகைபோக்கிக்குள் விட்டால் தீ நன்றாக எரிவதை அவரே கவனித்திருந்தார். ஆனால் அவருடைய எஞ்சினின் கனத்தை அன்றைய வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் தாங்கவில்லை, உடைந்தன.

1829 அக்டோபரில் லிவர்பூல் அருகே ரெயின்ஹில்லில் 500 பவுண்டு பரிசுக்கு ரயில் எஞ்சின்களின் போட்டி நடந்தது. ஜார்ஜ் ஸ்டீவன்சனும் மகன் ராபர்ட்டும் கொண்டுவந்த ‘ராக்கெட்’ எஞ்சினின் கொதிகலனுக்குள் ஒரே பெரிய குழாய்க்குப் பதிலாக 3 அங்குல விட்டமுள்ள 25 செம்புக் குழாய்கள் இருந்தன. யோசனை சொன்னவர் ஹென்றி பூத். அவர் பொறியாளர்கூட அல்ல, ரயில் கம்பெனியின் பொருளாளர். சூடான புகை 25 வழியாகப் பிரிந்து போவதால் தண்ணீரைத் தொடும் பரப்பு பல மடங்காகிறது. ஆனால் மெல்லிய குழாய்களுக்குள் புகை எளிதில் நுழையாது, யாராவது இழுக்க வேண்டும்.

அந்த வேலையைத்தான் கழிவு நீராவி செய்தது. குறுகிய முனை வழியாக அது மேல்நோக்கிப் பாயும்போது சுற்றியுள்ள புகையையும் வாரிக்கொண்டு போகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. அடுப்புக்குள் புதுக்காற்று பாய்கிறது. நம் வீட்டு ஊதுகுழல் முன்னாலிருந்து ஊதும், இது பின்னாலிருந்து உறிஞ்சும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான்: மேட்டில் ஏறும்போது எஞ்சின் அதிக நீராவியைச் செலவழிக்கும்; அப்போது உறிஞ்சலும் பலமாகும், தீயும் கொழுந்துவிடும். யாரும் கட்டளையிடாமலே தேவைக்கேற்ற நெருப்பு!

போட்டிக்கு வந்த மற்ற எஞ்சின்களில் ‘நாவல்டி’ இயந்திரத் துருத்தியை நம்பியது. அதன் குழாய்கள் பழுதாகி விலகியது. ‘சான்ஸ் பரேய்’ அளவுக்கு மீறி உறிஞ்சி, எரியாத கரியையே வெளியே துப்பியது. மணிக்கு 47 கிலோமீட்டர் வரை ஓடிய ராக்கெட் வென்றது.

இதே மூச்சு சுரங்கத்தில் திணறியது. 1863-இல் லண்டனில் சுரங்க ரயில் தொடங்கியபோது, நீராவி மண்டாமலிருக்க அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் திருப்பினார்கள். நீராவி அடங்கியது, ஆனால் தீயை ஊத ஆளில்லை, கரிப்புகையும் போகவில்லை.

1879-இல் பெர்லின் கண்காட்சியில் ஜெர்மன் பொறியாளர் சீமென்ஸ் 300 மீட்டர் வட்டப்பாதையில் மின்ரயிலை ஓட்டிக் காட்டினார். நடுவில் தனியாகப் பதித்த தண்டவாளம் வழியே 150 வோல்ட் மின்சாரம் மோட்டாருக்கு வந்தது. 1890-இல் லண்டன் மண்ணுக்கடியில் ஆழமான குழாய்ச் சுரங்கத்தில் மின்ரயில் ஓடத் தொடங்கியது. அதற்காகவும் கரி எரிந்தது, ஆனால் ஸ்டாக்வெல் மின்நிலையத்தில், தரையில் ஊன்றிய புகைபோக்கியின் அடியில்.